எஸ்ஏடியில் எழுநூறு வாங்கினால் கல்லூரிக் கணக்கு வந்துவிடுமா?

முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுக்குக் கணிதம் நடத்தத் தொடங்கிய காலத்திலிருந்து, முதல் வகுப்பில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இரண்டு எண்களின் வர்க்கங்களைக் கூட்டி அதற்கு வர்க்கமூலம் எடுத்தால், அந்த இரண்டு எண்களின் கூட்டுத்தொகை வருமா? பாதி வகுப்பு தயங்காமல் "வரும் சார்" என்று சொல்லும். 3, 4 என்று போட்டுப் பாருங்கள் என்பேன். 9ம் 16ம் சேர்ந்தால் 25. அதன் வர்க்கமூலம் 5. ஏழு எங்கே? வகுப்பு அமைதியாகிவிடும். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் 95க்கு மேல் வாங்கியவர்கள் அந்த வகுப்பில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்.

இதை வெளியில் சொன்னால் கேட்பவர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துகொள்கிறார்கள். மதிப்பெண் எல்லாம் வெறும் மனப்பாடம், அதை நம்பவே கூடாது என்பது ஒரு கட்சி. மதிப்பெண் வாங்காத பிள்ளைக்குக் கல்லூரி எதற்கு என்பது இன்னொன்று. இரண்டு பேச்சும் பிள்ளைகளின் வாழ்க்கையைக் கெடுத்திருக்கின்றன. ஒரு தேர்வு மதிப்பெண் உண்மையில் எதை அளக்கிறது, கல்லூரிப் படிப்பைப் பற்றி அது எவ்வளவு தூரம் சொல்லும் என்பதைப் பொறுமையாகப் பார்த்தால் இந்தச் சண்டையில் பெரும்பகுதி தேவையில்லாமல் போகும். இந்தக் கேள்வியை மிக அதிகமாக ஆராய்ந்த நாடு அமெரிக்கா. தலைப்பில் சொன்ன எஸ்ஏடி, அங்கே கல்லூரியில் சேர எழுதும் தேர்வு. எனவே அங்கிருந்து தொடங்கி நம் ஊருக்கு வருகிறேன்.

ஒரு சோறு பதம்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஏன் ஒரு சோறு போதுகிறது? பானைக்குள் இருக்கும் அரிசி முழுக்க ஒரே தண்ணீரில், ஒரே நெருப்பில், ஒரே நேரம் வெந்திருக்கிறது. எந்தப் பருக்கையை எடுப்போம் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. இந்த இரண்டு நிபந்தனைகளும் இருக்கும்வரை அந்தப் பழமொழி பொய்க்காது.

தேர்வும் அப்படித்தான். ஒரு மாணவருக்குத் தெரிந்த கணிதம் முழுவதையும் யாராலும் கேட்டுவிட முடியாது. சில பருக்கைகளை எடுத்து நசுக்கிப் பார்க்கிறோம். எல்லோருக்கும் ஒரே தரத்து வினாக்கள், ஒரே நேரம், ஒரே திருத்தும் முறை என்று வைத்து நடத்தினால் அதற்குத் தரப்படுத்திய தேர்வு என்று பெயர். அமெரிக்காவின் எஸ்ஏடி, அதேபோல் கல்லூரியில் சேர எழுதும் ஏசிடி, நம் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எல்லாம் இந்த இனம்.

எஸ்ஏடி எந்தப் பருக்கைகளை எடுக்கிறது? இப்போதைய கணினிவழித் தேர்வில் கணிதப் பகுதிக்கு 70 நிமிடம், 44 வினாக்கள். ஒரு வினாவுக்குச் சுமார் ஒன்றரை நிமிடம். வினாக்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு இயற்கணிதம். மீதியில் விகிதம், விழுக்காடு, தரவு, வடிவியல், கொஞ்சம் முக்கோணவியல். நுண்கணிதம் கிடையாது. கால்குலேட்டர் திரையிலேயே இருக்கிறது.

கல்லூரியின் முதல் பருவத்தில் நடப்பது வேறு. வாரத்துக்கு ஒரு பயிற்சித்தாள், அதில் ஒரே கணக்கு ஒரு மாலைப்பொழுதை விழுங்கும். ஒரு வாரம் விட்டுவிட்டால் அடுத்த வாரம் புரியாது. நூறு மீட்டர் ஓட்டத்தில் முந்தியவரால் பழனிக்குப் பாதயாத்திரை போக முடியுமா என்று கேட்பதற்கு இது சமம். கால்களில் வலு இருக்கிறது என்பது ஓட்டத்திலேயே தெரிந்துவிடும். அதில் பொய் இல்லை. மூன்றாம் நாள் காலில் கொப்புளம் வந்த பிறகும் நடப்பாரா என்பது அங்கே தெரியாது.

சுருக்கமாக: தேர்வு ஒரு மாதிரி எடுப்பு. எஸ்ஏடி எடுக்கும் மாதிரி, கல்லூரிக் கணிதத்துக்கு அடித்தளமான இயற்கணிதத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்கிறது. நீண்ட உழைப்பைப் பற்றி அதிகம் சொல்வதில்லை.

530 என்ற எண்

எஸ்ஏடியை நடத்தும் காலேஜ் போர்டு, கணிதப் பகுதிக்கு ஒரு தயார்நிலை வரம்பை வைத்திருக்கிறது. 200 முதல் 800 வரை போகும் அளவில் அந்த வரம்பு 530. இந்த எண்ணைக் கேட்டதும் பெரும்பாலோர், 530 வாங்கினால் தயார், 520 என்றால் தயாரில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்த தவறான புரிதல்களில் மிகப் பரவலானது இதுதான்.

530 என்பதன் சரியான பொருள் வேறு. அந்த மதிப்பெண் பெற்றவர்கள், கல்லூரி முதல் பருவத்தில் இயற்கணிதம், புள்ளியியல், நுண்கணிதம் போன்ற ஒரு பாடத்தில் குறைந்தது சி தரம் வாங்குவதற்கு 75 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. அவ்வளவுதான். நூறு பேரை நிறுத்தினால் சுமார் எழுபத்தைந்து பேர் சமாளிப்பார்கள், இருபத்தைந்து பேர் தடுமாறுவார்கள். யார் அந்த இருபத்தைந்து என்று மதிப்பெண்ணுக்குத் தெரியாது. வானிலை அறிக்கை மழைக்கு 75 விழுக்காடு வாய்ப்பு என்று சொன்னால், உங்கள் தெருவில் மழை பெய்தே தீரும் என்று யாரும் படிப்பதில்லை. குடை எடுத்துக்கொள்கிறோம். மதிப்பெண்ணை மட்டும் ஏனோ தீர்ப்பாகப் படிக்கிறோம்.

520க்கும் 530க்கும் இடையே பள்ளத்தாக்கு எதுவும் இல்லை. 520 வாங்கியவரின் வாய்ப்பு 75க்குச் சற்றே கீழே இருக்கும். படிப்படியாகச் சரியும் ஒரு சாலையில் யாரோ ஓரிடத்தில் மைல்கல் நட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் நட்டது ஒரு முடிவு, இயற்கை விதி அன்று. 75 விழுக்காட்டுக்குப் பதில் 60 போதும் என்று முடிவு செய்திருந்தால் கல் கீழே நகர்ந்திருக்கும்.

இன்னொன்று. அதே மாணவரை அடுத்த வாரம் அதே தேர்வுக்கு உட்கார வைத்தால் அதே மதிப்பெண் வராது. தூக்கம், பயம், வினாக்கள் அமைந்த அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்து ஏற்ற இறக்கம் காட்டும். இதற்கு அளவீட்டுப் பிழை என்று பெயர். எஸ்ஏடி கணிதத்தில் இது ஏறத்தாழ 30 புள்ளி மேலோ கீழோ. அப்படியானால் 520 என்று அச்சாகி வந்த எண்ணுக்குள் 490ம் இருக்கிறது, 550ம் இருக்கிறது. பத்துப் புள்ளிக்காக ஒரு பிள்ளையை "நீ தயாரில்லை" என்று சொல்வது எடைக்கல்லைப் பார்க்காமல் தராசைப் படிப்பது.

உயரமும் வாலிபாலும்

இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்குவதற்கு ஒட்டுறவு என்று பெயர். தேர்வு மதிப்பெண்ணுக்கும் முதலாண்டு மதிப்பெண்ணுக்கும் ஒட்டுறவு உண்டு, ஆனால் அது நடுத்தரமானது. இதைக் காட்டித்தான் தேர்வுகளுக்கு எதிரானவர்கள் "பாருங்கள், மதிப்பெண்ணுக்கும் கல்லூரிக்கும் சம்பந்தமே இல்லை" என்கிறார்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஊரில் பொதுவாகப் பார்த்தால் உயரமானவர்கள் வாலிபால் நன்றாக ஆடுவார்கள். இப்போது மாநில அணியை மட்டும் எடுங்கள். அங்கே எல்லோருமே உயரம். யார் சிறந்த ஆட்டக்காரர் என்பதை அந்த அணிக்குள் உயரம் சொல்லாது. அதற்காக உயரம் வாலிபாலுக்குத் தேவையில்லை என்று முடிவு கட்டினால் எவ்வளவு தவறு? குட்டையானவர்கள் அணிக்குள் வரவே இல்லை, அதனால் ஒப்பிட ஆளில்லை. ஏற்கெனவே வடிகட்டிய கூட்டத்துக்குள் ஒட்டுறவு சிறுத்துத் தெரியும் இந்த நிகழ்வை வீச்சுக் குறுக்கம் என்பார்கள்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடி நல்ல எடுத்துக்காட்டு. கொரோனா காலத்தில் எஸ்ஏடி கட்டாயமில்லை என்று அறிவித்த அந்த நிறுவனம், 2022 மார்ச்சில் மீண்டும் கட்டாயமாக்கியது. அங்கே எந்தத் துறையில் சேர்ந்தாலும் இரண்டு பருவம் நுண்கணிதமும், நுண்கணிதத்தை வைத்து நடத்தும் இயற்பியல் இரண்டு பருவமும் படித்தே ஆக வேண்டும். அடித்தளம் இருக்கிறதா என்று தெரியாமல் ஒரு மாணவரை அதற்குள் தள்ளுவது அவருக்கே கேடு என்பது அவர்கள் வாதம். அதே சமயம், முழு மதிப்பெண் வாங்கியவருக்கு அதற்காகவே முன்னுரிமை தருவதில்லை என்றும் சொன்னார்கள். போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு மற்றவற்றைப் பார்க்கிறார்கள். மதிப்பெண்ணை இவ்வளவு சரியாகப் பயன்படுத்திய கல்லூரிகள் குறைவு.

யார் சொல்வது சரி?

சிகாகோ நகரப் பொதுப் பள்ளி மாணவர்களைத் தொடர்ந்து பார்த்து 2020இல் வெளியான ஆய்வு, பட்டம் முடிப்பார்களா என்பதைக் கணிப்பதில் பள்ளி மதிப்பெண் சராசரி ஏசிடியைவிட ஐந்து மடங்கு வலுவானது என்று கண்டது. 2024இல் ஹார்வர்டு, யேல் வகையைச் சேர்ந்த கல்லூரிகளை வைத்துச் செய்த ஆய்வோ, அங்கே கல்லூரி மதிப்பெண்ணைக் கணிப்பதில் எஸ்ஏடி, பள்ளிச் சராசரியைவிடச் சிறந்தது என்றது. ஒருவர் முதல் ஆய்வைக் காட்டுவார், மற்றவர் இரண்டாவதைக் காட்டுவார். விவாதம் முடிவதே இல்லை.

இரண்டும் உண்மையாக இருக்க முடியும். கேட்ட கேள்விகள் வேறு. பட்டம் முடிப்பது நான்கு ஆண்டு நடை. தினமும் வகுப்புக்குப் போவது, வீட்டுப்பாடம் எழுதுவது, விழுந்தால் எழுவது எல்லாம் அதில் சேரும். பள்ளிச் சராசரியும் அதே பழக்கங்களிலிருந்து பிறந்தது. மறுபக்கம், மிகக் கடினமான கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர்கள் அனைவருமே பள்ளியில் முதல் வரிசை. அங்கே பள்ளிச் சராசரிதான் வாலிபால் அணியின் உயரம்போல் ஆகிவிடுகிறது. எனவே யாராவது "ஆய்வு சொல்கிறது" என்று தொடங்கினால், எந்த மாணவர்கள், எதைக் கணித்தார்கள் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

மைல்கல் மதில் ஆனபோது

அமெரிக்காவின் இரண்டாண்டு சமுதாயக் கல்லூரிகளில் சேர வருபவர்களுக்கு ஒரு நிலைத்தேர்வு வைப்பார்கள். அதில் குறைவாக வாங்கினால் நேரே கல்லூரிக் கணிதத்துக்குப் போக முடியாது. பள்ளிக் கணக்கையே திரும்ப நடத்தும் அடிப்படை வகுப்புகளுக்கு அனுப்புவார்கள். சிலருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு மூன்று. அந்த வகுப்புகளுக்குக் கட்டணம் உண்டு, பட்டத்தில் அவை சேராது. பகலில் வேலை பார்த்து மாலையில் படிக்க வந்த ஒரு தாய்க்கு அது என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். பலர் முதல் கல்லூரிப் பாடத்தை எட்டும் முன்பே படிப்பை விட்டுவிட்டார்கள்.

2012இல் ஜூடித் ஸ்காட்-கிளேட்டன் என்ற பொருளியல் ஆய்வாளர் இந்த நிலைத்தேர்வுகளை ஆராய்ந்தபோது, கணிதத் தேர்வு எழுதியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பெரிய அளவில் தவறான வகுப்புக்கு அனுப்பப்பட்டிருந்தது தெரிந்தது. அவர்களில் பலர், மேல்வகுப்பில் நன்றாகவே தேறியிருக்கக்கூடியவர்கள்.

அதற்கும் மேலாக ஒரு சோதனை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மூன்று சமுதாயக் கல்லூரிகளில் 2013இல் நடந்தது. நிலைத்தேர்வின்படி அடிப்படை இயற்கணிதம் தேவை என்று முடிவான சுமார் 900 மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். முதல் குழு வழக்கமான அடிப்படை இயற்கணிதம் படித்தது. இரண்டாம் குழுவுக்கு அதே பாடத்தோடு வாராந்திரப் பயிற்சி வகுப்பும் சேர்ந்தது. மூன்றாம் குழுவை நேரே கல்லூரிநிலைப் புள்ளியியல் பாடத்திலேயே உட்கார வைத்து, வாராந்திரப் பயிற்சியும் தந்தார்கள். தேர்வு கணக்கின்படி "தயாரில்லாத" பிள்ளைகள் இவர்கள். முதல் குழுவில் 39 விழுக்காட்டினர் தேறினர். புள்ளியியல் குழுவில் 56 விழுக்காட்டினர் தேறினர். பின்னர் பட்டம் முடித்தவர்களும் அந்தக் குழுவில்தான் கூடுதல்.

இந்தச் சோதனையைப் படித்த நாளிலிருந்து "தயார்நிலை" என்ற சொல்லை நான் தனியாகப் பயன்படுத்துவதில்லை. எதற்குத் தயார், எந்தத் துணையோடு தயார் என்று கேட்காமல் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை. இயற்கணிதத்தில் தடுமாறும் ஒருவர், வாரம் ஒருமுறை யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் புள்ளியியலை முடித்துவிடுகிறார். கலிபோர்னியா 2017இல் இயற்றிய சட்டம், சமுதாயக் கல்லூரிகள் பள்ளி மதிப்பெண்ணையும் கணக்கில் எடுத்து, மாணவர் ஓராண்டுக்குள் கல்லூரிநிலைக் கணிதத்தை முடிக்கும் வாய்ப்பு எதில் அதிகமோ அந்த வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றது.

சுருக்கமாக: மதிப்பெண் ஒரு கூட்டத்தின் வாய்ப்பைச் சொல்கிறது. அதைத் தனி ஒருவரின் முன்னால் மதிலாக எழுப்பினால், உள்ளே வந்திருக்க வேண்டியவர்கள் வெளியே நிற்பார்கள்.

அளவுகோலே வேண்டாம் என்றால்?

அதே கலிபோர்னியாவில் எதிர்ப்பக்கமும் நடந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2020 மே மாதம் எஸ்ஏடி, ஏசிடியைக் கைவிட முடிவு செய்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் அதன் ஆசிரியர் குழுவே, இந்தத் தேர்வுகள் முதலாண்டுச் செயல்பாட்டை நன்றாகக் கணிக்கின்றன என்று அறிக்கை தந்திருந்தது.

2025 நவம்பரில் அதன் சான் டியேகோ வளாகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. பள்ளி அளவுக்கும் கீழான கணிதத் திறனோடு சேரும் மாணவர்களின் எண்ணிக்கை ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ முப்பது மடங்கு பெருகி, புதிய மாணவர்களில் எட்டில் ஒருவர் என்ற அளவுக்கு வந்துவிட்டது. 7 + 2 என்பது எந்த எண்ணோடு 6ஐச் சேர்த்தால் வரும் என்ற கேள்விக்கே, அடிப்படை வகுப்புக்கு அனுப்பப்பட்டவர்களில் கால்வாசிப் பேர் தவறாக விடை எழுதியிருந்தார்கள். அவர்களில் கணிசமானோர் பள்ளிக் கணிதத்தில் மிக உயர்ந்த சராசரி பெற்றவர்கள்.

காரணம் தேர்வை நீக்கியது மட்டும் இல்லை. கொரோனா கால இழப்பு, பள்ளிகளில் மதிப்பெண் வீக்கம், வசதி குறைந்த பள்ளிகளிலிருந்து சேர்க்கையைக் கூட்டியது எல்லாவற்றையும் அறிக்கை சொல்கிறது. அந்தக் கடைசிக் காரணத்தைப் படித்தபோது மனம் கனத்தது. கதவைத் திறந்தது நல்லது. உள்ளே வருபவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்காமல் திறந்ததால், அந்தப் பிள்ளைகள்தான் வகுப்பில் தனியாக அவமானப்பட்டார்கள். காய்ச்சல்மானியை உடைத்தால் காய்ச்சல் போகாது, எவ்வளவு என்பது தெரியாமல் போகும்.

சாய்ஸில் விட்ட பாடம்

நம் ஊரில் பொறியியல் கட்-ஆப் 200. அதில் கணிதம் மட்டுமே 100. 1984 முதல் நடந்த தொழிற்கல்வி நுழைவுத்தேர்வை நீக்க 2006இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. பயிற்சி மையம் நகரத்துப் பிள்ளைக்கு எட்டியது, கிராமத்துப் பிள்ளைக்கு எட்டவில்லை. அதனால் நீக்கியது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். அதன் பிறகு பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் ஒன்றே இரண்டு வேலை பார்க்கிறது. யாருக்கு எந்த இடம் என்று வரிசைப்படுத்துவது ஒன்று. யாருக்கு எது தெரியாது என்று காட்டுவது இன்னொன்று. முதல் வேலையை அது ஓரளவு செய்கிறது. இரண்டாவதை அது செய்வதே இல்லை.

ஏன் என்பதைப் பானைக்குப் போய்ப் பாருங்கள். வினாத்தாளின் எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண்ணுக்கு. இரண்டு மதிப்பெண் வினா பத்தில் ஏழு எழுதினால் போதும், மூன்று மதிப்பெண்ணிலும் அப்படியே. ஐந்து மதிப்பெண் வினா ஒவ்வொன்றிலும் "அல்லது" உண்டு. பெரும்பகுதி பாடநூல் பயிற்சிக் கணக்கையே தழுவி வருகிறது. எந்தப் பருக்கையை எடுப்பார்கள் என்று பாதி தெரியும், வேகாத பக்கத்தைச் சாய்ஸில் விட்டுவிடலாம். 100 வாங்கிய பிள்ளை உழைக்காமல் வாங்கவில்லை. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த 100க்குள் சாய்ஸில் விட்ட ஒரு பாடம் ஒளிந்திருந்தால் வெளியே தெரியாது.

பதினொன்றாம் வகுப்புக் கதை இன்னும் வலிக்கிறது. பல தனியார் பள்ளிகள் அந்த ஆண்டுப் பாடத்தை ஓரம் வைத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் உருப்போட வைத்தன. முக்கோணவியல் விரிவாக வருவதும், எல்லை, வகையிடல் எல்லாம் தொடங்குவதும் பதினொன்றில். அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது மீண்டும் கைவிடப்பட்டிருக்கிறது. பிள்ளைகளின் சுமை குறைந்தது சரி. பழைய பழக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்வது இனி பள்ளிகளின் கையில்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் முதல் பருவக் கணிதம் அணிகளும் (மேட்ரிக்ஸ்) நுண்கணிதமும். ஐகென் மதிப்பு, பல மாறிகள் கொண்ட சார்பை வகையிடுவது, இரட்டைத் தொகையிடல். வகுப்பில் பிள்ளைகள் விழும் இடம் பெரும்பாலும் இந்தப் புதிய பாடங்களில் இல்லை. இரட்டைத் தொகையிடலைச் சரியாக அமைத்துவிட்டு, நடுவில் ஒரு பின்னத்தைச் சுருக்கும்போது விழுகிறார்கள். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அந்த வர்க்கமூலத்தில் விழுகிறார்கள்.

முதல் வாரத்தில் நான் செய்வது

புதிய மாணவர்களுக்கு அறிமுகப் பயிற்சி நடக்கும் நாட்களில் அரை மணி நேரத்துக்கு ஒரு தாள் தருகிறேன். இருபது சின்னக் கணக்கு. பின்னம், அடுக்கு, மடக்கை, எளிய சமன்பாடு, முக்கோணவியலில் இரண்டு. சாய்ஸ் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. முதலில் பெயர் எழுதச் சொன்னேன். பயந்துகொண்டு பக்கத்தில் பார்த்து எழுதினார்கள். பெயர் வேண்டாம் என்ற ஆண்டிலிருந்துதான் தாள்கள் உண்மை பேசத் தொடங்கின. திருத்தி முடித்ததும் எந்த வினாவில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று கரும்பலகையில் எழுதிவிடுவேன். தன்னைப்போல் இன்னும் முப்பது பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். மடக்கைக்கு செவ்வாய் மாலை, பின்னத்துக்கும் அடுக்குக்கும் வியாழன் மாலை, கல்லூரி பஸ் கிளம்பும் வரை ஒரு மணி நேரம். யார் வர வேண்டும் என்று நான் சொல்வதில்லை.

தாளின் அடியில் ஒரு வரி காலியாக விட்டிருப்பேன். "கணக்கு எந்த வகுப்பில் புரியாமல் போனது?" என்று கேட்டிருக்கும். 98 வாங்கி வந்த வகுப்பிலிருந்தும் "ஏழாம் வகுப்பு, பின்னம்" என்று எழுதிய தாள்கள் வந்திருக்கின்றன.